இடது குழல்

துப்பாக்கி ரிப்பேர் செய்யும் மிஸ்திரிக்கு வலது தோள்பட்டை குடைந்துகொண்டிருந்தது. ஆயுசு முழுக்க அரம் பிடித்த தோள். வலி அதற்குப் புதிதல்ல. ஆனால் இந்த வலி அந்தப் பழைய வீட்டு வாசற்படியைத் தாண்டின பிறகுதான் பிடித்தது.

மழை இருட்டு. மத்தியானமே விளக்குப் போட்டிருந்தார்கள். சாப்பாட்டு மேசையில் கோணிச்சாக்கை விரித்து, அதன்மேல் ஒரு பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியை வைத்திருந்தாள் வீட்டுக்கார அம்மாள். புருஷனைப் பறிகொடுத்துத் தலை நரைத்தவள். சுவரோர நாற்காலியில் அவளுடைய கொழுந்தன், கால்மேல் கால் போட்டுக்கொண்டு.

"பரண் ஒழிக்கும்போது கிடைச்சுது," என்றாள். "எப்போ செஞ்சதுன்னு தெரியணும். என் வீட்டுக்காரர் சாகிறதுக்கு முன்னாடியா, பின்னாடியா. அவ்வளவுதான்."

"துப்பாக்கிக்கு வயசு பாத்து கல்யாணமா பண்ணிவைக்கப் போறீங்க, அண்ணி?" கொழுந்தன் சிரித்தான். "அண்ணனைத் திருடன் சுட்டான். ஊருக்கே தெரியும். அப்போ இந்த வீட்ல ஏது துப்பாக்கி? இது அண்ணன் போன மறுவருஷம், அந்தப் பயத்துல, கம்பெனிக்கே போய் நான் புதுசா எடுத்தது."

மிஸ்திரி மேசைக்கு வந்தார். துப்பாக்கியை மடித்துப் பார்த்தார். இரண்டு குழலும் காலி. எந்தத் துப்பாக்கியைத் தொட்டாலும் அவருக்கு முதல் வேலை அதுதான். பிறகு அதைத் துண்டு துண்டாகக் கழற்றி, குழலை மட்டும் கையில் எடுத்தார்.

குழல் சூடாக இருந்தது.

"நம்பர் இருக்கே, அதை வச்சுச் சொல்லக் கூடாதா?" என்றாள்.

"முடியாதும்மா. அந்தக் கம்பெனி ஒருதரம் தீப்பிடிச்சுது. ஏடும் இருந்த சரக்கும் எல்லாம் சாம்பல். மறுபடி திறந்தப்போ குத்துமதிப்பாத்தான் நம்பர் போட்டாங்க."

"எப்போ எரிஞ்சுது?"

வருஷத்தைச் சொன்னார். அவள் புருஷன் செத்ததற்கு முந்தின வருஷம்.

"நம்பரை நம்ப முடியாது, முத்திரையை நம்பலாம்," என்றார் மிஸ்திரி. "எரியறதுக்கு முன்னாடி, குழலைச் சோதிச்சுட்டு அடியில நட்சத்திரம் குத்துவாங்க. அந்த அச்சும் நெருப்புல போச்சு. அப்புறம் வந்ததுல எல்லாம் பிறை."

கொழுந்தன் போட்ட காலை இறக்கினான்.

மிஸ்திரி குழலைக் கயிற்றில் கட்டி ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டு, அரத்தின் மரப்பிடியால் ஒரு தட்டுத் தட்டினார். இரண்டு குழலையும் ஒட்டவைத்த பற்று விடாமலிருந்தால் மணிபோலப் பாடும். இதுவும் பாடியது. நீளமாக, இனிமையாக.

பாதியில் நின்றது.

யாரோ கையால் பொத்தியதுபோல.

அவிழ்த்துத் திருப்பினார். முத்திரை இருக்கவேண்டிய இடம் வழவழவென்று ராவியிருந்தது. செய்கிறவன் அங்கே அரம் வைக்கமாட்டான்.

"துருவா இருந்துது, தேய்ச்சேன்," என்றான் கொழுந்தன்.

"மேல தேய்க்கலாம் சார். குத்துற வேகத்துல இரும்பு உள்ளேயும் நசுங்கியிருக்கும். அதை எதை வச்சுத் தேய்ப்பீங்க?"

புட்டியைத் திறந்து, பஞ்சில் ஆசிட்டைத் தொட்டுத் தடவினார்.

ஆசிட் நெடி வரவில்லை. வெடிமருந்து நெடி வந்தது. இப்போதுதான் சுட்டதுபோல.

அம்மாளின் முகம் வெளுத்தது. "அவர் செத்த அன்னிக்கு அடிச்ச நெடி," என்றாள்.

கொழுந்தன் எழுந்து வந்து மிஸ்திரியின் காதோரம் குனிந்தான். "பிறைன்னு சொல்லிட்டுப் போயிடு. ஊரான் வீட்டு வம்பு உனக்கெதுக்கு?"

இரும்பு மெல்லக் கறுத்தது. ஒரு முனை எழும்பியது. இன்னொரு முனை.

"நட்சத்திரம்மா," என்றார் மிஸ்திரி.

அவள் அழவில்லை. "இத்தனை வருஷம் என் கையால சோறு போட்டேனே, தம்பி."

அவன் பின்வாங்கி நாற்காலியில் விழுந்தான்.

மிஸ்திரி குழலைச் சாக்கில் வைத்துவிட்டு, மூலையிலிருந்த தொட்டியில் கை கழுவப் போனார்.

முதுகுக்குப் பின்னால் 'டக்' என்றது.

அந்தச் சத்தம் அவருக்குத் தூக்கத்திலும் தெரியும். மடித்த துப்பாக்கி மூடும் சத்தம்.

திரும்பினார். அம்மாளின் கை மடியில் இருந்தது. கொழுந்தன் நாற்காலியில் சுவரோடு சுவராக ஒட்டியிருந்தான். சாக்கின்மேல் துப்பாக்கி முழுசாகக் கிடந்தது, வாய் நாற்காலியைப் பார்த்தபடி.

அதை மடித்தார். வலது குழலில் சுட்ட தோட்டாவின் வெறுங்கூடு, புகைந்துகொண்டு. இடது குழலில் சுடாத தோட்டா. இழுத்துப் பார்த்தார். வரவில்லை. நெம்பினார். அசையவில்லை.

தோள் விண்ணென்று தெறித்தது. சட்டைப் பொத்தானை அவிழ்த்தார். சுடும்போது துப்பாக்கிக் கட்டை உதைத்த தடம், நீலம் பாரித்து. அவர் சுட்டு எத்தனையோ வருஷமாகிறது.

"அண்ணி," என்றான் கொழுந்தன். "அதை வெளியே எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க."

"நீயும் எங்கேயும் போகாதே, தம்பி," என்றாள் அவள். "உங்க அண்ணன் வீட்லதான் இருக்கார்."

மிஸ்திரி கையை எடுத்துவிட்டார்.

துப்பாக்கி தானாக மூடிக்கொண்டது.

தம்பி அண்ணனுக்கு ஓர் உயிர் கடன்பட்டிருந்தான். அது இன்னும் பாக்கி.