கூண்டுக்குள் ஒருவர்

மத்தியானம்தான். ஆனால் அந்தச் சோதனைக் கூடத்தில் ஜன்னல் கிடையாது. விளக்கை அணைத்தால் பகலென்ன, இரவென்ன. உயர் மின்னழுத்தக் கூண்டுக்கு வெளியே மேசையில் உட்கார்ந்து, வம்பு பண்ணும் சர்க்யூட் போர்டைத் திறந்தாள் அவள். கூண்டுக்குள் போய்வந்து வேலை செய்பவன் அவளுடைய சொந்தத் தம்பி. வாசல் சென்சார், உள்ளே போகிறவரைக் கூட்டும், வெளியே வருகிறவரைக் கழிக்கும். ஒருவர் உள்ளே இருந்தாலும் போர்டிலுள்ள சிப் மின்சாரத்தை விடாது. அது தப்பாக எண்ணினால் தம்பி கரிக்கட்டை.

கூண்டு காலி. திரையில் ‘உள்ளே: 1’ என்று மினுக்கிக்கொண்டிருந்தது.

“எல்லாம் மின் இரைச்சல்தாம்மா,” என்றார் மேலாளர். “புரோகிராம்ல ஒண்ணைக் கழிச்சிடு. போன தடவையும் அப்படித்தான் செஞ்சோம்.”

“செஞ்சு? அப்புறம் என்னாச்சு சார்?”

அவருக்குத் திடீரென்று மீட்டிங் நினைவு வந்துவிட்டது. இவரை நம்புவதும் மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்குவதும் ஒன்றுதான் என்று அவளுக்குத் தோன்றியது.

சென்சார் கேபிளின் கவச உறையை இரண்டு முனையிலும் எர்த் செய்திருந்தார்கள். எந்த அரைவேக்காட்டின் வேலையோ, இரைச்சலுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி. ஒரு முனையைக் கழற்றினாள். மிச்ச இரைச்சலை விழுங்க, சிப்புக்குப் பக்கத்திலேயே ஒரு கெப்பாசிட்டர் வைத்துப் பற்றவைத்தாள். சிக்னலை ஆப்டோகப்ளர் வழியாக, மின்தொடர்பே இல்லாமல், வெறும் வெளிச்சமாகக் கடத்தினாள்.

மினுக்கல் நின்றது.

‘உள்ளே: 1.’

இப்போது அசையாமல் நின்றது.

இரைச்சலை முழுக்க வடிகட்டிய பிறகும் மிஞ்சுகிறதென்றால் அது இரைச்சல் இல்லை. அப்படியானால், போன தடவை இவர்கள் கழித்தது யாரை?

கூண்டுப் பக்கமிருந்து முடி கருகிய வாடை வந்தது.

“உள்ள போகாதடா,” என்றாள் மெதுவாக, கூண்டு வாசலில் நின்ற தம்பியிடம்.

“சென்சார்ல தூசி இருக்கும்க்கா. துடைச்சிட்டு வந்துடறேன்.”

கூண்டின் மெயின் சுவிட்சை இறக்கிப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தம்பி உள்ளே நுழைந்தான்.

‘உள்ளே: 2.’

“போதும், வெளிய வா!”

“கத்தாதக்கா, இதோ வந்துட்டேன்.”

வாசலைத் தாண்டி வந்தான்.

‘உள்ளே: 0.’

“பாத்தியா, தூசிதான்!” என்று சிரித்தபடி, எதிர்ச்சுவரில் ஹெல்மெட்டை மாட்டப் போனான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருத்தன் வெளியே வந்தால் இரண்டில் ஒன்றுதானே கழிய வேண்டும்?

கருகிய வாடை இப்போது கூண்டுப் பக்கமிருந்து வரவில்லை.

தம்பி திரும்பாமலே தோளைக் குலுக்கினான்.

“கையை எடுக்கா. ஜில்லுனு இருக்கு.”

அவள் மேசையை விட்டு எழுந்திருக்கவே இல்லை.