கட்டைகள் காட்டிய நேரம்

மூட்டையைப் பிரித்துத் தட்டில் கொட்டியதும் மீளமைப்பான் பச்சை விளக்கைக் காட்டியது. கட்டைகளுக்குள் நினைவு அழியாமல் இருக்கிறது என்று அர்த்தம்.

சிவநேசன் எழுந்து போய்க் கதவின் தாழ்ப்பாளை இன்னொரு முறை பார்த்துவிட்டு வந்தான். தில்லைநகரில் ஒரு தையற்கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறையை அவன் எடுத்து ஆறு வருடங்கள் ஆகியிருந்தன. மனைவி வசுமதிக்கு அது தெரியாது. நில அளவை அலுவலகத்தில் அவனுக்குக் கீழே வேலை பார்த்த பதினான்கு பேருக்கும் தெரியாது. நாற்பத்தெட்டு வயதில், காதோரம் நரைத்த ஒரு அதிகாரி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பிளாஸ்டிக் கட்டைகளை அடுக்குகிறான் என்று வேறு யாரைப் பற்றியாவது கேள்விப்பட்டிருந்தால் அவனே சிரித்திருப்பான்.

நினைவுக்கட்டைகள் சந்தைக்கு வந்து பத்து வருடங்கள் இருக்கும். ஒவ்வொரு கட்டையின் வயிற்றிலும் எள்ளளவு சில்லு. ஒன்று இன்னொன்றோடு டக்கென்று பொருந்தும்போதும், கழலும்போதும், எதன் மேல் எது, எந்தத் தேதி, எத்தனை மணி என்று சில்லு எழுதிக்கொள்ளும். குழந்தை உடைத்துவிட்ட வீட்டைத் திரும்ப எழுப்பித் தருவதற்காகத்தான் முதலில் அதைச் செய்தார்கள். கட்டைகளை மீளமைப்பானில் கொட்டினால் போதும். தட்டின் இருபுறமும் உள்ள மெல்லிய உலோகக் கைகள் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, அதே வரிசையில் அதே வீட்டைக் கட்டிவிடும். கட்டியவர் யார் என்பதை மட்டும் சில்லு சொல்லாது. கைரேகையைப் பதியக் கூடாது என்று அந்தரங்கச் சட்டம் தடுத்திருந்தது.

இந்த மூட்டை பாலக்கரையில் ஒரு காயலான் கடையிலிருந்து வந்தது. உடைந்த மின்விசிறிகளுக்கு நடுவே கிடந்தது. அபூர்வமான நிறத்தில் நாலைந்து கட்டைகள் தேறினால் போதும் என்றுதான் சிவநேசன் வாங்கினான்.

ஒரு மணி நேரத்தில் தட்டின் மேல் ஒரு வீடு எழுந்து நின்றது. முழங்கை நீளம். கூரையைத் தூக்கினால் உள்ளே கூடமும் சமையலறையும். மஞ்சள் கட்டை ஒன்றைக் கவிழ்த்துத் தண்ணீர்க் குடம், மூன்று வெள்ளைத் துண்டுகளில் ஒரு குளிர்பெட்டி. எந்தக் கையேட்டிலும் இல்லாத வீடு. ஆனால் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே வாசலே இல்லாத ஒரு சுவர் இருந்தது. இந்தப் பக்கம் அடுப்பங்கரையில் ஒரு பெண் பொம்மை. அந்தப் பக்கம் ஜன்னலைப் பார்த்தபடி ஓர் ஆண் பொம்மை.

இது ஏன் இப்படி என்று பார்க்க, முழு வரலாற்றையும் மீளமைப்பானின் திரையில் விரைவு ஓட்டத்தில் ஓடவிட்டான். மூன்று வருடப் பதிவு நான்கு நிமிடத்தில் ஓடியது. முதலில் அந்த இடத்தில் சுவரே இல்லை. இரண்டு பொம்மைகளும் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தன. பிறகு ஒருநாள் தரையில் ஒரு வரிசைச் சாம்பல் நிறக் கட்டை. பத்து நாள் கழித்து இரண்டாவது வரிசை. யாரோ ஒரு மாதம் அதைப் பிரித்து எடுத்திருந்தார்கள். மறுபடி வைத்தார்கள். இடுப்புயரம், தோளுயரம், கடைசியில் கூரை வரை.

ஓட்டம் நின்றதும் சிவநேசன் தலையைத் தூக்கினான். சுற்றிலும் அலமாரிகளில் அவனுடைய கோட்டைகள், கப்பல்கள், கார்கள். எல்லாம் கையேட்டைப் பார்த்து, எண் பிசகாமல் கட்டியவை. கையேடு இல்லாமல் கட்ட அவன் எத்தனையோ முறை உட்கார்ந்திருக்கிறான். நாலு கட்டைக்கு மேல் கை ஓடாது.

மாநிலக் கட்டைக் கலைக் கண்காட்சிக்கு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். ஜனங்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்கத்தான், என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ‘கட்டியவர் பெயர்’ என்ற இடத்தில் விரல் கொஞ்சம் தயங்கியது. பிறகு தன் பெயரை எழுதினான்.

*

முதல் பரிசு கிடைத்தது. அந்த நான்கு நிமிடத்தைப் பெரிய திரையில் ஓடவிட்டபோது மண்டபத்தில் ஒருவர்கூடச் செருமவில்லை. தொலைக்காட்சிக்காரப் பெண் ஒலிவாங்கியை நீட்டி, “சுவர் எதைக் குறிக்குது சார்?” என்று கேட்டாள். “பார்க்கிறவங்க புரிஞ்சுக்கணும்” என்று அவன் சொன்ன பதிலுக்கும் கைதட்டினார்கள்.

இரண்டாம் நாள் மதியம் கூட்டம் குறைந்திருந்தது. ஊதாப் புடவை கட்டிய ஒரு பெண் வீட்டின் முன்னால் வந்து நின்றவள் நகரவே இல்லை. நாற்பது வயது இருக்கும். தோளில் கைப்பை. சிவநேசன் சிரித்த முகத்தோடு பக்கத்தில் போனான்.

“சமையல் மேடையில அடுப்பை இடது ஓரமா வச்சிருக்கீங்களே சார், எதுக்கு?” என்று கேட்டாள்.

“அது... அப்படியே அமைஞ்சுபோச்சு.”

“எனக்கு இடது கைப் பழக்கம் சார்.”

சுற்றுமுற்றும் பார்த்தான். அவள் குரலை உயர்த்தவில்லை.

“பயப்படாதீங்க. சண்டை போட வரல. என் பேரு பிலோமினா. பொன்மலையில இருக்கேன்.”

“நான்... மேடம், நான் இப்பவே கமிட்டிகிட்ட சொல்லிடறேன். பரிசைத் திருப்பிக் குடுத்துடறேன். உங்க பேரை அறிவிக்கச் சொல்றேன்.”

“ஐயோ, அதைச் செஞ்சுடாதீங்கன்னு சொல்லத்தான் வந்தேன்!” அவள் சட்டென்று அவன் கையைப் பிடித்துவிட்டு, உடனே விட்டாள். “அவர் என்கூடப் பேசாம இருந்த மூணு வருஷம் சார் அது. இப்ப சரியாயிட்டார். வாய் நிறையப் பேசறார். நான் இப்படியொண்ணு கட்டிட்டிருந்தது அவருக்குத் தெரியாது. அழிக்கத்தான் நினைச்சேன், மனசு வரல. பழைய சாமானோட தூக்கிப் போட்டுட்டேன். நேத்து டிவியில இது வந்தப்ப உடம்பே நடுங்கிருச்சு. அவர் பார்த்துட்டு, ‘பாவம், யாரோ ஒருத்தன் பொண்டாட்டியோட ரொம்பக் கஷ்டப்பட்டிருக்கான்’னார்.”

சிவநேசன் கமிட்டிக்காரர்கள் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தான்.

“நீங்க கட்டினதாவே இருக்கட்டும் சார். அதான் எனக்கு நல்லது” என்றாள். போகும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தாள், அவனை அல்ல, வீட்டை.

திருடியதைத் திருப்பிக் கொடுக்கவும் வழியில்லாமல் போய்விட்டது. மாலை வரை வந்தவர்கள் அவன் கையைக் குலுக்கிக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு முறையும் உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

*

வீட்டில் அதைவிடப் பெரியது காத்திருந்தது. வசுமதியும் அன்று மாலை தொலைக்காட்சியின் மறு ஒளிபரப்பில் பார்த்திருந்தாள்; ஆறு வருடமாகத் தனியே ஓர் அறை வைத்திருப்பதையும் அவன் அதில் சொல்லியிருந்தான். அறை எடுத்த கதை, ஆறு வருடம் மறைத்த கதை எல்லாவற்றுக்கும் கத்துவாள் என்று நினைத்துத்தான் அவன் செருப்பைக் கழற்றினான். அவள் இரண்டு தட்டுகளை எடுத்து வைத்தாள். அவர்கள் சேர்ந்து சாப்பிட்டுப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

“தனியா ஒரு ரூம்ல உக்காந்து இதையாங்க கட்டிட்டிருந்தீங்க?” என்றாள். “என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. அந்தச் சுவத்துல பாதி நான் வச்சதுதான். ஸ்கூல் விட்டு வந்தா பேப்பர் திருத்தறேன்னு உள்ள போயிடுவேன். நீங்க ஜன்னலைப் பார்த்து உக்காந்திருந்தது எனக்கு உறைக்கவே இல்ல. மன்னிச்சுக்கோங்க.”

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

அடுத்த மூன்று வாரங்கள் வசுமதி வேறு ஆளாக இருந்தாள். விடைத்தாள்களைக் கூடத்துக்கே கொண்டுவந்து திருத்தினாள். கணக்கு டீச்சரான அவள் தப்பு விடைகளைப் படித்துக் காட்டிச் சிரித்தாள். தங்கையிடம் போனில், “அவருக்குப் பேச வராதுடி, கட்டித்தான் காமிச்சிருக்கார்” என்று சொன்னது அவன் காதில் விழுந்தது. வேறொரு பெண்ணின் அழுகையைக் காட்டித் தன் மனைவியின் அன்பை வாங்கிக்கொண்டிருக்கிறோம் என்று அவனுக்குத் தோன்றியது. அவள் அன்பாக இருக்க இருக்க அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஒரு சனிக்கிழமை மாலை, அவள் மறுபடி ‘மன்னிச்சுக்கோங்க’ என்று ஆரம்பித்தபோது சொல்லிவிட்டான். காயலான் கடை, மூட்டை, இடது கைப் பழக்கம், எல்லாவற்றையும். அந்தப் பெண்ணின் பெயரையும் இடத்தையும் மட்டும் சொல்லவில்லை.

வசுமதி கையிலிருந்த விடைத்தாளை மடித்து வைத்தாள். பிறகு கேட்டாள்:

“அப்ப ஆறு வருஷமா அங்க நீங்க என்னதான் கட்டினீங்க? எனக்கு அதைப் பார்க்கணும்.”

மறுநாள் காலை இருவரும் தையற்கடைக்கு மேலே ஏறினார்கள். அவன் தாழ்ப்பாளைப் போடவில்லை. அவள் அலமாரிகளை ஒரு சுற்றுப் பார்த்தாள். கோட்டை, கப்பல், கார். கைக்கு எட்டிய ஒரு சிவப்புக் காரை எடுத்து அவளே தட்டில் வைத்தாள். பிரிக்க வேண்டிய தேவையில்லை. மீளமைப்பான் படித்துத் திரையில் போட்டது.

“ஆகஸ்ட் பதினெட்டு, செவ்வாய்க்கிழமை” என்று அவள் வாசித்தாள். “காலையில பத்து மணி பத்து நிமிஷத்துல இருந்து மத்தியானம் மூணு ஐம்பது வரைக்கும்.” நிறுத்தினாள். “போன வருஷம்.”

அவனுக்கு உடனே புரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் புரிந்தது.

“அன்னைக்கு எனக்கு பயாப்சி ரிசல்ட்” என்றாள் வசுமதி. “கலெக்டர் ஆபீஸ்ல மீட்டிங், தவிர்க்கவே முடியாதுன்னு சொன்னீங்க. நான் தனியா ஆட்டோ பிடிச்சுப் போனேன். டோக்கன் நாற்பத்தொண்ணு.”

அன்று வாசல்வரை வந்து அவளை வழியனுப்பியபோது அவன் பயந்திருந்தது உண்மை. அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அந்தத் தாளுக்காகக் காத்திருக்க அவனால் முடிந்திருக்காது என்பதும் உண்மை. சில்லில் அதற்கெல்லாம் இடமில்லை.

“பயமா இருந்துச்சு வசு.”

“எனக்கும்தான்.”

கீழே தையல் இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. வசுமதி மூலையில் கிடந்த முக்காலியை இழுத்துத் தட்டுக்கு நேரே போட்டு உட்கார்ந்தாள்.

“இதை நாலு நிமிஷத்துல ஓட்டாம, அன்னைக்கு நடந்த அதே வேகத்துல ஓட்ட முடியுமா?”

“முடியும். கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் ஆகும்.”

“ஆகட்டும். நீங்களும் உக்காருங்க.”

உலோகக் கைகள் காரைப் பிரித்துக் கட்டைகளைப் பரப்பின. முதல் சக்கர அச்சை எடுத்து வைத்தன. பிறகு ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. கையேட்டின் பக்கத்தைப் புரட்டியிருப்பான். பிறகு இன்னொரு கட்டை. வசுமதி தட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவ்வப்போது, யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள்.

“இப்ப டோக்கன் ஒன்பது.”

கதவுகள் பொருந்தின. முன்விளக்குகள் வந்தன. ஒரு கட்டையைத் தப்பாக வைத்து, எடுத்து, சரியாக வைத்தன அந்தக் கைகள். அவ்வளவு கவனம்.

“இப்ப எனக்குப் பக்கத்துல இருந்த அம்மாவைக் கூப்பிட்டாங்க. உள்ள போய் அழுதாங்க. வெளியில கேட்டுச்சு.”

சிவநேசன் தரையில் உட்கார்ந்து தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெயில் ஜன்னலிலிருந்து இறங்கித் தட்டின் விளிம்புக்கு வந்திருந்தது. கூரைக்கான சிவப்புத் துண்டு ஒன்றைத் தூக்கப்போன கை, அந்தரத்தில் அப்படியே நின்றது. ஒரு நிமிடம் ஆயிற்று. ஐந்து நிமிடம் ஆயிற்று.

“மிஷின் கெட்டுப்போச்சா?” என்றாள்.

அவன் நிமிர்ந்து திரையைப் பார்த்தான். பன்னிரண்டு ஐம்பத்தைந்து. கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

“இல்ல.”

“அப்புறம் ஏன் நிக்குது?”

“சாப்பிடப் போயிருந்தேன்.”

வசுமதி முதன்முறையாகத் தட்டைவிட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

“என்ன சாப்பிட்டீங்க?”

கட்டைகளில் அது பதிவாகியிருக்கவில்லை. அவனுக்கு நினைவிருந்தது.