மாம்பழ மஞ்சள், கத்திரிப்பூக் கரை

“ஏம்மா, எழுந்திரு! அது ராஜா நாற்காலி!”

அம்சவேணி திடுக்கிட்டுக் கண் திறந்தாள். ஒரு நிமிடம் முன்னால் வரை அவள் பனி கொட்டும் தேசத்தில் இருந்தாள்... நூலகத்தில் எடுத்த மொழிபெயர்ப்பு நாவலின் சீமாட்டியாக, வாசலில் குதிரைவண்டி காத்திருக்க... இப்போது எதிரே சாவிக்கொத்தோடு ஒருவன். கோபப்படத் தெரியாத பெரிய கண்கள்.

“ராஜா எங்க?”

“படத்துல.” சுவரைக் காட்டினான்.

“அப்ப அவரே இறங்கி வந்து கேக்கட்டும். நீங்க ஏன் பதறிக்கினு இருக்கீங்க?”

“அவர் வரமாட்டாருன்னுதானே எனக்குச் சம்பளம் குடுத்து வெச்சிருக்காங்க!”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுந்தாள். ஆனால் மெதுவாக... சீமாட்டி எழுவதுபோல.

அவன் பெயர் வேலாயுதம். முசரவாக்கத்து விவசாய வீட்டுப் பையன். அந்த ஜமீன் அரண்மனையைப் பார்த்துக்கொள்கிற வேலை.

“எங்க வீட்டுல எல்லாரும் ஏர் ஓட்டறாங்க. நான் இங்க தூசி தட்டிக்கினு இருக்கேன். நீங்க?”

“பிள்ளையார்பாளையம். தறி.”

“அதான் பட்டுப்புடவையா!”

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பட்டு நெய்கிற வீட்டில் பட்டு கட்டுகிறவர்கள் யார்? மாம்பழ மஞ்சளில் கத்திரிப்பூக் கரை. நேற்றுதான் தறியிலிருந்து அறுத்தது. நாளை, நூல் கொடுத்து நெய்யச் சொன்ன மேஸ்திரியிடம் போய்ச் சேரவேண்டும். ‘அமாவாசை, தறிக்கு லீவு, அரண்மனையைச் சுத்திப் பாத்துட்டு வரலாம்’ என்று கிளப்பிய அத்தை பொன்னியம்மாள்தான், ‘ஒரு நாள் கட்டினா தேஞ்சா போயிடும்?’ என்று இதைச் சுற்றிவிட்டாள். ஊர் சுற்ற எதற்குப் பட்டு?

அத்தையே மூச்சிரைக்க வந்து விடை சொன்னாள். “அடியே, இங்கயா இருக்கே? குளத்து மண்டபத்துல உன்னைப் பொண்ணு பாக்க வந்துக்கீறாங்க. பெரிய ஜவுளிக்கடை வீடு! தலையை நிமிர்த்தாத. கேட்டா மட்டும் பேசு.”

தலையை நிமிர்த்தாமல்... அம்சவேணிக்கு உள்ளே ஏதோ கொதித்தது. போகிற போக்கில் திரும்பிப் பார்த்தாள். வேலாயுதத்தின் முகத்தில் சிரிப்பு இல்லை.

மண்டபத்தில் பழத்தட்டு, மாப்பிள்ளை, அவன் தாய் காமாட்சியம்மாள். அந்த அம்மாள் பெண்ணின் முகத்தைப் பார்க்கவில்லை. முந்தானையைத்தான் பார்த்தாள்.

“இது... என் பொண்ணு வளைகாப்புக்கு நான் சொன்ன புடவையாச்சே! நிறம், கரை எல்லாம் நானே மேஸ்திரிகிட்ட சொல்லி விட்டது!”

அது யாருக்கான புடவை என்று அத்தைக்குத் தெரியாது, மேஸ்திரி சொன்னதில்லை.

“அடுத்தவ புடவையைக் கட்டிக்கினு கல்யாணத்துக்கு நிக்கிறியே, வெக்கமா இல்ல? ஆயிரம் புடவை நெய்யலாம்மா. கட்டிக்க ஒரு தகுதி வேணும்.”

மாப்பிள்ளை பழத்தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். குளத்தில் முதல் மழைத்துளிகள் விழுந்தன. தோட்டத்துப் பாதையில் வேலாயுதம் நின்றிருந்தான்.

அம்சவேணி தலையை நிமிர்த்தினாள்.

“கட்டினது தப்புதாம்மா. ஆனா வெக்கம் இல்ல. தறியில கரைப்பக்கம் உக்காந்து, நாடா தள்ளி இதை நெய்ததும் நான்தான். உங்க பொண்ணுக்குப் புடவை வேணும்னா, வளைகாப்புக்குள்ள இன்னொண்ணு நெய்து தரேன். உங்க பிள்ளைக்குப் பொண்ணு வேணும்னா... அது இல்ல.”

“வேணி!” என்று அத்தை அலறினாள்.

அவள் மழைக்குள் இறங்கி நடந்தாள். கன்னத்தில் வழிவது மழை... மழை மட்டும்தான் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். பின்னால் ஓடிவரும் காலடி. தலைக்கு மேல் கறுப்புக் குடை விரிந்தது.

“எனக்கு யாரும் இரக்கப்பட வேணாம்.”

“இரக்கம் இல்லீங்க... பயம்.”

“என்ன பயம்?”

“அந்தம்மா வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி இருந்தே பயம்... நீங்க மாப்பிள்ளைக்குச் சரின்னு சொல்லிடுவீங்களோன்னு.”

அவள் நின்றுவிட்டாள். குடை முழுவதும் அவள் பக்கமே சாய்ந்திருந்தது. அவன் பாதி நனைந்திருந்தான். இமையில் தொங்கிய துளியைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் அந்தக் கண்கள்...

“நாளைக்கு உங்க வீட்டுக்கு வந்து பொண்ணு கேக்கட்டுமா?”

“நாங்க தறி. நீங்க ஏர். அப்பா கதவைச் சாத்திடுவாரு.”

“அப்ப... வரவேணாமா?”

தூரத்தில் அத்தை கூப்பிடும் குரல். அம்சவேணி அசையவில்லை. குரல் தெளிவாக வந்தது.

“வாங்க. வாசல்ல நின்னு, என் பேரைச் சொல்லி, தெருவுக்கே கேக்கிற மாதிரி கேளுங்க. அவங்க குடுக்கமாட்டாங்க...”

அவன் முகம் வாடியது.

“நான் வருவேன்.”