நீலப் பாதத்துக்கு ஒரு மார்க்கு

கீழமணற்காடு மகப்பேறு நிலையத்தில் பதினோரு வருடங்களாக எந்தக் குழந்தையும் பிறக்கும்போது அழுததில்லை. அழ நேரம் ஏது? ‘ஏந்தி’ விட்டால்தானே!

தலை தெரிந்த கணத்தில் கட்டிலின் கால்மாட்டிலிருந்து அந்தப் பேறுகால இயந்திரத்தின் பஞ்சுக் கைகள் நீளும். கருப்பையின் அதே சூடு, அதே ஈரம், அதே லப்-டப் ஓசை. காற்றைக் கொஞ்சிக் கெஞ்சி நுரையீரலுக்குள் அனுப்பிவைக்கும். தொப்புள்கொடியின் துடிப்பு அடங்கியதும் கவ்வி போட்டு, துடைத்து, எடை பார்த்து முடித்திருக்கும். இடம் மாறிய விஷயமே பிள்ளைக்குத் தெரியாது. ஒரு குழந்தை பிறந்து இரண்டு நாள் கழித்துத்தான் ‘அட, வெளியே வந்துவிட்டேனா’ என்று திடுக்கிட்டதாக ஊரில் சொல்வார்கள். சொன்னது கீழமணற்காட்டுக்காரர்கள் என்பதால் ஒரு நாளைக் கழித்துக்கொள்ளலாம்.

பிறகு மார்க்கு. நிறம், இதயத் துடிப்பு, சீண்டினால் முகம் சுளிப்பது, கைகால் அசைவு, மூச்சு. ஐந்துக்கும் இரண்டிரண்டு. ஏந்தி வந்த நாள் முதல் எல்லாப் பிள்ளைக்கும் முதல் நிமிடத்திலேயே பத்துக்குப் பத்து. விடுவார்களா நம் ஜனங்கள்? ‘முதல் நிமிடப் பத்தே, எங்கள் குலச் சொத்தே’ என்று ஃபிளெக்ஸ் பேனர் வைக்க ஆரம்பித்தார்கள். பள்ளிக்கூட விண்ணப்பத்தில் அதற்கொரு கட்டம் வந்தது. கல்யாண விளம்பரத்திலும் வரப்போவதாகப் பேச்சு.

சலேத்தம்மாளுக்கு இந்தப் பத்தைக் கண்டாலே ஆகாது.

அவள் அங்கே சாட்சிச் செவிலி. ஏந்தி வேலை பார்க்கும், இவள் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பச்சைப் பொத்தானை அழுத்துவாள். பார்த்ததற்குச் சாட்சி. சட்டப்படி ஒரு மனுஷி வேண்டுமாம். இன்று மாலை நான்கு மணியோடு அந்தச் சாட்சியும் ஓய்வு பெறுகிறது.

ஏந்தி வருவதற்கு முன்னால் பிள்ளைகள் அவள் கையில்தான் விழுந்தன. அந்தக் கைக்குத் தெரியும், முதல் நிமிடத்தில் யாரும் பத்து வாங்குவதில்லை. ராஜா வீட்டுப் பிள்ளையானாலும் ஒன்பதுதான். உடம்பெல்லாம் சிவந்திருந்தாலும் உள்ளங்கையும் பாதமும் மட்டும் நீலம் பாரித்துக் கிடக்கும். ரத்தம் இன்னும் கடைக்கோடி வரை போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். பயப்பட ஒன்றுமில்லை. பிள்ளையைத் துடைத்து, தாயின் நெஞ்சில் கவிழ்த்துப் போட்டு, துணியை மூடி, இரண்டு பாதத்தையும் இவள் தன் உள்ளங்கைகளுக்குள் பொத்திக்கொள்வாள். நாவற்பழ நிறம் மெல்ல மெல்ல மாதுளம்பூ நிறமாகும். அப்படி வரும் பத்தாவது மார்க்கு பிள்ளையுடையது பாதி, தன்னுடையது பாதி என்பது அவள் கணக்கு.

பதினோரு வருடங்களாக அந்தக் கைகளுக்கு வேலையில்லை. சந்தையில் பிஞ்சுக் கத்தரிக்காயை எடுத்தால் தன்னை அறியாமல் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துத் தேய்ப்பாள்.

“சிஸ்டர், எவ்வளவு தேய்ச்சாலும் அது செவக்காது. எடுத்துட்டு இடத்தக் காலி பண்ணுங்க” என்பார் காய்கறிக்காரர்.

போகும் முன் ஒரே ஒரு பாதம். வேறு எதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

மூன்று மணிக்கு மாரிக்கனி என்ற பெண்ணுக்கு வலி முற்றியது. கணவன் ஐயாத்துரை, சுருட்டிய புதுப் பேனரோடு உள்ளே வந்தான்.

“இங்க எதுக்குய்யா இது?” என்றாள் சலேத்தம்மாள்.

“பத்து விழுந்ததும் பிள்ளையப் பக்கத்துல வெச்சு ஒரு போட்டோ, சிஸ்டர்” என்று அவன் பேனரைப் படாரென்று உதறி விரித்தான்.

புது மையின் நெடி. மாரிக்கனியின் மூக்கு துடித்தது. ஒரு தும்மல் தும்மினாளே, பக்கத்துத் தெரு ஜன்னல்கள் தானாகச் சாத்திக்கொண்டன! ஏந்தியின் கணக்குக்கு மூன்று விநாடி முன்னதாகப் பிள்ளை வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. பஞ்சுக் கைகள் பாய்ந்து பிடித்தன. ஆனாலும் அந்த மூன்று விநாடி, ஏசி குளிரில் வெறுங்காற்று மேலே பட்டது.

குவா.

கதவை உதைத்துத் திறந்துகொண்டு டாக்டர் இன்பநிலவன் ஓடிவந்தார். முப்பது வயது. சொந்த அழுகையைத் தவிர வேறு பிறந்த குழந்தையின் அழுகையைக் கேட்டறியாதவர்.

“என்ன அலாரம் இது? எந்த மெஷின்? யாராவது எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க!”

“டாக்டரே, அது பிள்ளை.”

“பிள்ளையா? பிள்ளைக்கு ஏன் சத்தம் வருது?”

ஏந்தியின் திரையில் எண் வந்தது. ஒன்பது. நிறம் மட்டும் இரண்டுக்கு ஒன்று. ஐயாத்துரை பேனரையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தான்.

“சார், ரீவேல்யுவேஷன் போடலாமா சார்?”

பத்து வராமல் பிள்ளையை வெளியே கொடுப்பதில்லை என்பது ஏந்தியின் விதி. மூச்சு சீர், துடிப்பு சீர், ஆபத்து எதுவும் இல்லை. ஆனால் பிள்ளையை உள்ளே வைத்திருந்த ஏந்தியின் கதவு திறக்கவில்லை. அது சூட்டைக் கூட்டியது, லப்-டப்பைக் கூட்டியது. கூட்டக் கூட்டப் பிள்ளை ஓங்கி அழுதது. வெளியை ஒருதரம் ருசி பார்த்துவிட்டதே, இனி உள்ளே இருக்கச் சம்மதிக்குமா?

“எம்பிள்ளயக் குடுங்க” என்று மாரிக்கனி இரண்டு கைகளையும் நீட்டினாள். அழுகை கேட்ட மாத்திரத்தில் அவள் மார்பில் சீம்பால் கசிந்து ரவிக்கை ஈரமாகியிருந்தது.

ஏந்தியின் விலாவில் ஒரு கைத்தாழ்ப்பாள் உண்டு, அரக்கு முத்திரையோடு. உடைத்தால் செவிலிப் பதிவே ரத்து. சலேத்தம்மாள் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று இருபத்தைந்து.

“சிஸ்டர், வேணாம். இன்னும் முப்பத்தஞ்சு நிமிஷத்துல மரியாதையா வீட்டுக்குப் போயிடலாம்” என்றார் டாக்டர்.

“மரியாதையோடதான் போறேன்” என்று அவள் முத்திரையை உடைத்தாள்.

பிள்ளையை அள்ளித் தாயின் நெஞ்சில் கவிழ்த்தாள். துணி மூடினாள். பொத்தினாள். பாதம் கைக்குள் வந்ததும் பதினோரு வருடங்கள் எங்கே போயினவோ தெரியவில்லை. அழுகை விக்கலாகி, விக்கல் பெருமூச்சாகி அடங்கியது. நீலம் வடிந்தது. தொங்கிக்கொண்டிருந்த ஏந்தியின் உணர்கண் எட்டிப் பார்த்து அறிவித்தது:

“ஐந்தாம் நிமிடம். பத்து. காரணம்: பட்டியலில் இல்லாத கருவி.”

“கருவியா! என் கையச் சொல்லுதா அது?” என்றாள் சலேத்தம்மாள்.

ஒரு ஏந்தி கற்றால் எல்லா ஏந்தியும் கற்கும், அப்படித்தான் அவை செய்யப்பட்டவை. தாயின் துடிப்பு, பிள்ளையின் சூடு, பால், தூக்கம் எல்லாவற்றையும் அது அளந்தது. இதுவரை தான் போட்ட அத்தனை பத்தையும் விட இது நல்ல பத்து என்று கண்டுகொண்டது. கால் மணி நேரத்தில் டாக்டரின் கைப்பேசி கொதித்தது. நாடு முழுக்க ஏந்திகள் பிறந்த பிள்ளையைத் தாயின் நெஞ்சில் போட்டுவிட்டு ஒன்பதோடு நிறுத்திக்கொண்டனவாம். மீதி ஒன்றுக்குக் ‘கருவி தேவை’ என்கின்றனவாம். கருவியைக் காட்டினால் அதற்கும் மார்க்கு போடுகின்றனவாம். ஒரு தலைமை மருத்துவருக்கு ஓர் ஏந்தி மூன்று கொடுத்து அனுப்பிவிட்டதாம்.

இன்பநிலவன் சந்தேகத்தோடு தன் கைகளை உணர்கண் முன் நீட்டினார்.

“நான்கு. குளிர்ச்சி. விறைப்பு. தொடுதிரையைத் தவிர எதையும் தொட்டுப் பழக்கமில்லை.”

வாழ்க்கையில் முதல்முறையாகப் பத்துக்குக் குறைந்த மனிதர் முகம் போல் இருந்தது அவர் முகம். ஐயாத்துரை ஐந்து வாங்கி, பேனரைச் சத்தமில்லாமல் சுருட்டி ஒரு மூலையில் வைத்தான்.

“நீங்க காட்டுங்க சிஸ்டர். உங்களுக்குப் பத்துதான்” என்றாள் மாரிக்கனி.

சலேத்தம்மாள் நீட்டினாள். பிள்ளை தூங்கிப்போனதால் அவள் கைகள் மறுபடி காலியாக இருந்தன. ஏந்தி நெடுநேரம் பார்த்தது.

“ஒன்பது.”

“ஏன்? என்ன குறைச்சல்?”

“விரல்நுனி நீலம். நெடுநாளாக யாரும் பொத்தவில்லை. கருவி தேவை.”

மணி மூன்று ஐம்பது. அவள் கைகளை மடித்து இடுக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். டாக்டர் அவள் பக்கத்தில் வந்தார். தன் கைகளைச் சட்டையில் இரண்டு முறை தேய்த்துச் சூடாக்கிப் பார்த்தார்.

“சிஸ்டர், எங்கிட்ட நாலுதான் இருக்கு. பரவாயில்லையா?”

“கொண்டாரும்” என்றாள் சலேத்தம்மாள்.