தலையசைத்த நசரேயன்

புனித வாரத்துப் புதன்கிழமை, மாலை.

விளக்கைப் போட்டபோது கூடத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூசினார்கள். அத்தனை பேரும் அழுதிருந்தார்கள். சன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடி, சுவரில் வெள்ளைத் துணி கட்டி, ஆண்டவர் பாடுபட்ட கதையைப் படமாகக் காட்டியிருந்தார் பங்குச் சாமியார் அன்செல்மோ. எங்கோ வெளிநாட்டில் எடுத்த படம். அதில் பேசிய மொழி சான் பிலாஸ் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. சாட்டை பேசியது மட்டும் எல்லோருக்கும் புரிந்தது. இரண்டு பெண்கள் மயங்கி விழுந்தார்கள். ஒருத்தி திரையைப் பார்த்து, "போதும்டா பாவிகளா, விட்ருங்கடா!" என்று கத்தினாள். படம் பார்க்கிறோம் என்பதே பாதிப் பேருக்கு மறந்துபோயிருந்தது.

ஆண்டவர் உயிர் விட்ட இடத்தில் யாரும் சொல்லாமலே கூடம் முழுவதும் நாற்காலியிலிருந்து இறங்கி முழந்தாளிட்டது. பெரிய வெள்ளியன்று பாடுகள் வாசிக்கும்போது அந்த வரியில் மண்டியிட்டுப் பழகிய முழங்கால்கள். படம் வேறு, பூசை வேறு என்று அவற்றுக்கு எப்படித் தெரியும்? வாசலில் காவலுக்கு நின்ற சார்ஜென்ட் லிசா மல்லாரியும் தொப்பியைக் கழற்றிவிட்டு மண்டியிட்டாள். காலையில்தான் பெண்கள் தரைக்குச் சிவப்பு மெழுகு போட்டுத் தேங்காய் மட்டையால் தேய்த்திருந்தார்கள். எழுந்தபோது பாவாடை, கால்சட்டை, சாமியாரின் அங்கி எல்லாவற்றிலும் முழங்காலில் இரண்டிரண்டு சிவப்பு வட்டங்கள். திரையிலிருந்து இறங்கிவந்த இரத்தம் எல்லோர் மேலும் பட்டுவிட்டது போலிருந்தது.

அப்போதுதான் தோன்யா புரிதா அலறினாள்.

"முடி! ஆண்டவரோட முள்முடி எங்கடா?"

திரைக்குப் பக்கத்து மூலையில், பூத்தேரின் மேல், சிலுவை சுமந்த ஆண்டவரான நசரேயன் நின்றிருந்தார். ஆள் உயர மரச் சிலை. ஐந்து தலைமுறையாகத் தோன்யா குடும்பத்துச் சொத்து. இரவு ஊர்வலமான சுற்றுப் பிரகாரத்துக்காக அலங்கரித்துக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். நீண்ட கூந்தல், கருஞ்சிவப்புப் பட்டு அங்கி, தலையில் மூன்று தங்கக் கதிர்கள், எல்லாம் அப்படியே இருந்தன. கதிர்களுக்குக் கீழே நெற்றியைச் சுற்றி இறுகியிருந்த வெள்ளி முள்முடியை மட்டும் காணோம்.

லிசா கதவைச் சாத்தினாள். கூடத்துக்கு ஒரே வாசல். எல்லோரையும் சோதித்தார்கள். தேரின் அடியில், பூக்கூடைகளில், சாமியாரின் அங்கிக்குள்கூடத் தேடினார்கள். கிடைக்கவில்லை.

"படம் ஓடும்போது யாராச்சும் வெளிய போனாங்களா?" என்று கேட்டார் காவல் நிலையத் தலைவர் கன்லாஸ்.

போனவன் ஒருவன்தான். ரோதெல் சுங்கா. சாட்டையடி நடக்கும்போது காதைப் பொத்திக்கொண்டு ஓடியவன், திரும்பி வரவில்லை. முன்னொரு காலத்தில் வாத்து திருடி மாட்டியவன். கன்லாஸுக்கு அதுவே போதும். கால் மணி நேரத்தில் ரோதெல் கம்பிக்குப் பின்னால் இருந்தான்.

முடி இல்லாவிட்டாலும் ஊர்வலம் நிற்கக்கூடாது என்றார் சாமியார். "மெதுவா தள்ளுங்க, கழுத்து ஆணி பழசு, தலை ஆடும்!" என்று அழுகைக்கு நடுவிலும் அதட்டினாள் தோன்யா. தேர் நகர்ந்தது. சிலைக்கு இருபது வருடமாக அலங்காரம் செய்யும் மானிங், தன் சாமான்களைச் சேகரித்துக்கொண்டு கடைசியாக வெளியே வந்தார். தோளில் துணிப்பை. முடியை வைத்துக் கொண்டுவரும் மரப்பெட்டியை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்திருந்தார். எப்போதும் போல அழுக்குப் படாத சந்தன நிறக் கால்சட்டை. இருபது வருடத்தில் அவர் அழுது லிசா பார்த்தது அன்றுதான். பாவமாக இருந்தது. வழிவிட்டாள்.

வியாழன், காலை.

ஊர் முழுக்கப் பாடுகளின் பாட்டு ஒலிபெருக்கியில் ஓடிக்கொண்டிருந்தது. முறை போட்டு இரவு பகலாகப் பாடுவார்கள். யாரும் சரியாகத் தூங்காத வாரம் அது. வெயிலில் நடப்பதும் கனவில் நடப்பதும் ஒன்றாகத்தான் தெரியும்.

லிசா இஞ்சித் தேநீர் வாங்கிக்கொண்டு போய் ரோதெலிடம் கொடுத்தாள். அவன் தொடவில்லை.

"நாளைக்கு மதியம் நான் ரோட்டுல இருக்கணும்கா."

வருடா வருடம் பெரிய வெள்ளியன்று முகத்தை மூடி, முதுகில் அடித்துக்கொண்டு போகும் நேர்த்திக்காரர்களில் ரோதெலும் ஒருவன். அவன் மகள் நெனிங்குக்குப் பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை. அவள் பெரியவளாகும் வரை ஒரு வெள்ளியும் தவறாமல் நடப்பதாக வேண்டுதல்.

"ஒரு தடவை தவறினா, கேட்டது திரும்பிப் போயிரும்கா. அவ மூச்சு எப்படி இருக்குன்னு நீங்க பாத்திருக்கீங்கல்ல?"

"பாத்திருக்கேன். நீ ஏன் ஓடுன? வருஷா வருஷம் உன்னை நீயே அடிச்சுக்கற ஆளு, படத்துல அடிக்கிறதப் பாத்து ஓடுனேன்னா யாருடா நம்புவா?"

"என் முதுகு எனக்குப் பழகிருச்சு. அவரு அம்மா ஓரமா நின்னு பாத்தாங்கல்ல? அந்த மூஞ்சி என் பொண்டாட்டி மூஞ்சி. நான் நடக்கும்போது அவளும் அப்படித்தான் பின்னாலயே வருவா. நான் முகத்த மூடிட்டு நடக்கறவன். இத்தன வருஷமா அவள நான் பாத்ததே இல்லக்கா."

லிசா எழுந்து வெளியே வந்தாள். அவன் சொன்னது பொய்யாக இருக்க வழியே இல்லை என்று அவளுக்குப் பட்டது. ஆனால் பட்டதை எழுதிக்கொடுத்தால் கன்லாஸ் சிரிப்பார்.

தோன்யாவின் தம்பி மகன் எமில்யானோ மணிலாவிலிருந்து விடுமுறைக்கு வந்தவன். அத்தை வீட்டு வராந்தாவில் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தான்.

"படம் எப்படி சார்?"

"தக்காளிச் சாறு, சார்ஜென்ட். டப்பா டப்பாவா ஊத்தியிருக்கான். அதுக்குப் போயி இந்த ஊரு அழுவுது."

"நீங்க அழலையா?"

"தூங்கிட்டேன்."

வேலைக்காரி அந்தப் பக்கம் வெள்ளைக் கால்சட்டை ஒன்றை வாளியில் கசக்கிக்கொண்டிருந்தாள். முழங்காலில் இரண்டு சிவப்பு வட்டங்கள். லிசா அதைப் பார்ப்பதை அவன் பார்த்தான். காது மடல் சிவந்தது.

"சரி, முட்டி போட்டேன். எல்லாரும் போடும்போது நான் மட்டும் நட்டமா நிக்கவா?"

"தப்பில்ல சார். தூக்கத்துலயே போட்டீங்களாக்கும்."

சந்தையில் மீன்காரி சாரிங்கைச் சுற்றி ஒரு கூட்டமே நின்றது. மீன் வாங்க வந்த கூட்டம் இல்லை.

"நான் பாத்தேன்! ஆண்டவர் உசுரு போற நேரம், நான் திரையப் பாக்க மாட்டாம நசரேயனப் பாத்தேன். அவரு தலைய ஆட்டுனாரு! வேணாம் வேணாம்னு இப்படி, இப்படி!"

"நானும் பாத்தேன்" என்றாள் இன்னொருத்தி. "எம் மவனும் பாத்தான்."

அந்தப் பக்கமாக வந்த சாமியார் அன்செல்மோ தலையில் கைவைத்துக்கொண்டார். "மூணு மணி நேரம் இருட்டுல உக்கார வச்சு அழ விட்டா மரம் என்ன, மதில்கூடத் தலையாட்டும். படம் போட்டது என் தப்பும்மா."

"அப்ப நீங்க யாரும் முடியப் பாத்தீங்களா? தலை ஆடுனப்ப?" என்று கேட்டாள் லிசா.

சாரிங் முறைத்தாள். "ஆண்டவரே தலையாட்டுறாரு, நான் முடியப் பாத்துட்டு நிப்பேனா?"

மானிங்கைக் கோயில் பின்புறம் பார்த்தாள் லிசா. பீடத்துக்குப் பூ அடுக்கிக்கொண்டிருந்தார்.

"நேத்து எங்கண்ணே இருந்தீங்க?"

"தேரு பக்கத்து நாற்காலி. வேற எங்க இருப்பேன்?"

"எழுந்திரிச்சீங்களா?"

"எதுக்கு? எல்லாரோடயும் மண்டி போட்டேன். அழுதேன். விளக்குப் போட்டாங்க. அவ்வளவுதான் தங்கச்சி."

"அந்த முடியக் கழட்டுறது சுலபமா?"

பூ அடுக்கிய விரல்கள் ஒரு கணம் நின்றன. "கதிர் மூணையும் திருகி எடுக்கணும். அப்புறம் முடி. முள்ளு கூந்தல்ல சிக்கும். வெடுக்குன்னு இழுத்தா கூந்தலே கையோட வந்துரும்."

வியாழன், பிற்பகல்.

பெரிய வெள்ளியன்று சான் பிலாஸில் யாரும் துணி துவைப்பதில்லை. துவைத்த தண்ணீர் இரத்தமாகும் என்பார்கள். அதனால் வியாழன் பிற்பகலில் ஊரே துவைக்கும். லிசாவும் துவைத்தாள். சீருடையின் முழங்காலில் இருந்த சிவப்பு, சோப்புக்கும் மசியவில்லை, தூரிகைக்கும் மசியவில்லை. அலுத்துப்போய் அப்படியே கொடியில் போட்டுவிட்டுத் தெருவில் நடந்தாள்.

எல்லா வீட்டுக் கொடியிலும் அந்தச் சிவப்பு இருந்தது. பாவாடைகளில், பள்ளிக்கூடச் சட்டைகளோடு தொங்கும் கால்சட்டைகளில், சாமியாரின் அங்கியில், இரண்டிரண்டாக. காற்றில் துணிகள் மெல்ல மடங்கி நிமிர்ந்தன. ஊர் முழுவதும் இன்னும் மண்டியிட்டுக்கொண்டே இருப்பதாகத் தோன்றியது அவளுக்கு. பாட்டு எங்கிருந்தோ வந்து எங்கோ போயிற்று. லிசா பார்த்துக்கொண்டே நடந்தாள்.

தெருக்கோடி வீட்டின் முன் நின்றாள். அந்தக் கொடியில் சந்தன நிறக் கால்சட்டை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. முழங்கால் சுத்தமாக இருந்தது.

மானிங் வாசலுக்கு வந்தார்.

"எந்த சோப்புண்ணே போட்டீங்க? ஊருல யாருக்கும் போகாத கறை உங்களுக்கு மட்டும் போயிருக்கு."

அவர் வழிவிட்டு ஒதுங்கினார். லிசா உள்ளே போய் உட்கார்ந்தாள்.

"திருடன் தங்கத்த விட்டுட்டு வெள்ளிய எடுப்பானா? அதுவும் மூணு தங்கக் கதிரையும் திருகி எடுத்து, வெள்ளி முடியக் கழட்டி, தங்கத்த மறுபடி அதே இடத்துல மாட்டிட்டுப் போவானா? கூந்தல் ஒரு மயிர் கலையல. சிக்கு எடுத்து, சீவி விட்டிருந்துச்சு. ரோதெலுக்கு வாத்துக் கழுத்தத் திருகத் தெரியும்ணே, இது தெரியாது.

"சாரிங் பாத்தது நிஜம். நசரேயன் தலைய ஆட்டுனாரு. கழுத்து ஆணி பழசு; பின்னாலருந்து ஒரு கை முடியத் திருகுச்சு, தலை ஆடுச்சு. உசுரு போற நேரம் அது. ரோதெல் அதுக்கு எவ்வளவோ முன்னாலயே ஓடிட்டான், திரும்பி வரல. வாசல்ல நின்னது நான். அந்த நேரம் அந்தக் கூடத்துல மண்டி போடாத ஆளு ஒருத்தர்தான். போட்டேன்னு எங்கிட்ட சொன்னீங்க, உங்க முட்டி போடலைங்குது. நீங்க தேரு மேல, சிலைக்குப் பின்னால நின்னுட்டிருந்தீங்க."

"எல்லாரையும் சோதிச்சீங்களே" என்றார் மானிங், மெதுவாக. "எங்கிட்ட இருந்துச்சா?"

"ஊரே தேடுச்சு. முடியோட சொந்தப் பெட்டிய மட்டும் யாரும் திறக்கல. முடி காணாமப் போனா பெட்டி காலியாத்தானே இருக்கும்? காலிப் பெட்டிய ரெண்டு கையால அணைச்சுக்கிட்டு என் முன்னாலயே போனீங்க. நானும் பாவம்னு வழி விட்டேன்."

மானிங் எழுந்து உள்ளே போனார். பெட்டியோடு வந்தார். பஞ்சு அடுக்கி, அதன்மேல் முள்முடியைத் தூங்க வைத்திருந்தார். வேறு சொல் லிசாவுக்குக் கிடைக்கவில்லை.

"படத்துல சிப்பாய்ங்க அத வச்சு அழுத்துனாங்கல்ல?" என்றார். "எல்லாரும் அவரு மூஞ்சியப் பாத்தாங்க. நான் அந்தக் கைங்களப் பாத்தேன். கொஞ்சம் சாய்ச்சு, காதுக்கு மேல புடிச்சு, ஒரு அழுத்து. தங்கச்சி, நானும் அப்படித்தான் வைப்பேன். இருபது வருஷமா, அதே மாதிரி. நல்லா உக்காந்திருக்கான்னு தட்டி வேற பாப்பேன். ஊருல மத்தவங்க அழலாம். நான் எப்படி அழறது? எங்கையாலதான நடக்குது?"

வெளியே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"ஒரே ஒரு வெள்ளிக்கிழமை அவரு அது இல்லாம இருக்கட்டும்னு நெனச்சேன். ஞாயித்துக்கிழமை கொண்டு போய் வச்சிருப்பேன். சத்தியமா."

"ஞாயித்துக்கிழமை ரோதெலுக்கு எதுக்குண்ணே? அவனுக்கு வெள்ளிக்கிழமைதான் வேணும்."

மானிங் பெட்டியின் மூடியைச் சாத்தினார்.

"மரத்துக்கு வலிக்கும்னு முள்ள எடுத்தீங்க" என்றாள் லிசா. அவள் குரல் அவளுக்கே கடுமையாகக் கேட்டது. "எடுத்து, உசுரோட இருக்கறவன் தலையில வச்சிட்டீங்களே. அழுத்தியும் விட்டீங்களே."

அவர் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு பெட்டியைத் தானே எடுத்துக்கொண்டு, அவளுக்கு முன்னால் நடந்தார்.

பெரிய வெள்ளி.

தோன்யா புகாரைத் திரும்பப் பெற்றாள். ஆனால் மானிங் இனி நசரேயன் பக்கமே வரக்கூடாது என்று சொல்லிவிட்டாள். இருபது வருடம் ஒரு வாக்கியத்தில் போயிற்று. முடியைப் பொருத்தும்படி எமில்யானோவிடம் கொடுத்தாள். அவன் தேரில் ஏறினான். முடியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த முகத்துக்கு நேராகச் சற்று நேரம் நின்றான். பிறகு இறங்கி வந்தான்.

"பொருந்தல அத்தை" என்றான். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

மதிய வெயிலில் கோயில் வாசலில் நேர்த்திக்காரர்கள் கூடினார்கள். ரோதெல் வெறும் காலோடு, வெற்று முதுகோடு நின்றான். நெனிங் தாயின் கையைப் பிடித்திருந்தாள். மானிங் கூட்டத்தின் ஓரமாக வந்து நின்றதை முதலில் பார்த்தது அவன்தான்.

"மன்னிச்சிருப்பா" என்றார் மானிங். "கேக்கவே எனக்கு யோக்கியதை இல்ல."

ரோதெல் அவரைப் பார்த்தான். கறுப்புத் துணியால் முகத்தை மூடிக் கட்டிக்கொண்டான். கொடியால் பின்னிய தழை முடியை அவரிடம் நீட்டினான். நேர்த்திக்காரர்கள் துணிக்கு மேல் அணிவது.

"என்னால பின்னால பாத்துக் கட்ட முடியாது. நீங்க வச்சு விடுங்க."

மானிங் வாங்கிக்கொண்டார். காதுக்கு மேல் பிடித்து, கொஞ்சம் சாய்த்து, வைத்தார். அழுத்தவில்லை. இருபது வருடமாக யாரிடமும் கேட்க முடியாத கேள்வியைக் கேட்டார்.

"வலிக்குதா?"

"கொஞ்சம் இறுக்கம்ணே" என்றது துணிக்குள்ளிருந்து குரல்.

மானிங் தளர்த்தினார்.