கடைசிப் பள்ளியின் கையெழுத்து

மே மாதம் முதல் வெள்ளிக்கிழமை வந்தால் கோமளவல்லிக்கு ஒரே வேலைதான். காலை பத்து மணிக்குக் கல்விப் பகிர்வகத்தின் மூன்றாம் மாடிக்குப் போய், ‘பகிர்வி’ என்ற கணிப்பொறியின் முன்னால் உட்காருவாள். மாநிலத்து அரசுப் பள்ளிகளில் எதற்கு எவ்வளவு நிதி என்று அது போட்டு வைத்திருக்கும் பட்டியலில் கையெழுத்துக்குப் பதிலாக விரலை வைப்பாள். பத்தேகாலுக்கு உதவி இயக்குநர் இருதயராஜ் வடையும் காப்பியும் கொண்டுவருவார். அதோடு சரி. பதினோரு வருஷமாக இதில் முன்னே பின்னே ஆனதில்லை.

பட்டியலைத் திறக்குமுன் பகிர்வி ஒரு கேள்வி கேட்கும்.

“தங்களுக்குப் பள்ளி வயதில் பிள்ளை உண்டா?”

“இல்லை” என்பாள். பட்டியல் திறக்கும்.

கேள்விக்குக் காரணம் கடைநிலைச் சட்டம். கையெழுத்திடுகிறவர், பட்டியலில் கடைசியாக நிற்கும் பள்ளியில்தான் தம் பிள்ளையைச் சேர்க்க வேண்டும். 2061-இல் சட்டம் வந்தபோது ஊரே பட்டாசு வெடித்தது. தன் பிள்ளை தலைக்கு மேலே கூரை ஒழுகினால் எந்த அதிகாரிக்குத் தூக்கம் வரும்? நாலைந்து வருஷம் கடைசிப் பள்ளிகூட ஜம்மென்று இருந்தது. அப்புறம் நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா! சட்டத்தில் கை வைக்கவில்லை. பிள்ளை இல்லாதவர்களாகப் பார்த்து அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கோமளவல்லிக்குப் பதவி வந்த வழியும் அதுதான். தெரிந்த அன்று அவளுக்கு வலித்தது. பிறகு பழகிவிட்டது.

இந்த வருஷம் பகிர்வி கேட்டதும் அவள் கைப்பையிலிருந்த காகிதத்தை எடுத்துப் பிரித்தாள். காலையில்தான் காப்பகத்திலிருந்து தத்து ஆணை வந்திருந்தது. மதுரவேணி, ஆறு வயது. திங்கட்கிழமை முதல் சட்டப்படி அவள் மகள்.

“திங்கட்கிழமைதானே மேடம்?” என்றார் இருதயராஜ், வடைத் தட்டை வைத்துக்கொண்டே. “இன்னிக்கு இல்லைன்னு சொன்னா அது பொய்யே கிடையாது. மூணு பெத்ததாலதான் இந்த நாற்காலி எனக்குக் கிடைக்கல. நீங்க கையில இருக்கறதை விட்டுடாதீங்க.”

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் நாலு வருஷம் தவம் கிடந்து கிடைத்த பிள்ளையை இல்லை என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

“உண்டு” என்றாள்.

பகிர்வி பட்டியலின் அடிப்பக்கத்தை முதலில் காட்டியது. ஈச்சங்காடு ஆரம்பப் பள்ளி. பிள்ளைகள் நாற்பத்திரண்டு, ஐந்து வகுப்புக்கும் ஒரே ஆசிரியை, ஒழுகும் கூரை, தண்ணீர் வராத கழிப்பறை.

“இந்தப் பக்கத்தை நான் பார்த்ததே இல்லை சார்” என்றாள்.

நகரப் பள்ளி ஒன்றுக்கு ஒதுக்கியிருந்த இரண்டாவது முப்பரிமாண அரங்கை அடித்துவிட்டு, அந்தப் பணத்தை ஈச்சங்காட்டுக்குத் தள்ளினாள். ஈச்சங்காடு மேலே போனது. அடியில் மணலூற்று வந்து நின்றது. அங்கே கழிப்பறையே இல்லை. அதையும் ஏற்றினாள். அடுத்தது வந்தது.

“கடைசின்னு ஒண்ணு இருக்கத்தானே மேடம் செய்யும்?” என்றார் இருதயராஜ்.

“இருக்கட்டும். என் பொண்ணை நம்பி விட்டுட்டு வர்ற மாதிரி இருக்கட்டும்.”

காப்பி ஆடை கட்டிக் கிடந்தது. மத்தியானச் சாப்பாட்டையும் அவள் மறந்துபோனாள். ஒவ்வொரு பள்ளியாக, ‘இங்கே வேணியை விடுவேனா?’ என்று கேட்டுக் கேட்டே எண்களை நகர்த்தினாள். அரங்கங்களும் அலங்கார வளைவுகளும் போயின. மாலை ஆறு மணிக்கு மறுபடி ஈச்சங்காடே அடியில் வந்து நின்றது. இப்போது அதற்கு இரண்டு ஆசிரியர், புதுக் கூரை, குழாயில் தண்ணீர். அவள் விரலை வைத்தாள்.

ஜூலை முதல் வாரம் வேணியைக் கூட்டிக்கொண்டு ஈச்சங்காட்டுக்குப் போனாள். கூரைக்கு அடித்த வண்ணத்தின் வாசனை இன்னும் போகவில்லை. குழாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்த பிள்ளைகளோடு வேணியும் போய் நின்றுகொண்டாள்.

சேர்க்கைப் படிவத்தை வாங்கிக்கொண்ட ஆசிரியை எஸ்தருக்கு ஐம்பது வயதிருக்கும். பகிர்வகத்து மேடம் என்றதும் அவள் முகம் மலர்ந்தது.

“பதினோரு வருஷமா எழுதிப் போட்டேன் மேடம், கல்லுல நார் உரிச்ச கதையா. இந்த வருஷம் கேக்காமலே எல்லாம் வந்து இறங்குது. அங்க யாரும் புதுசா வந்திருக்காங்களா?”

“இல்லை. பதினோரு வருஷமும் நான்தான்” என்றாள் கோமளவல்லி. “இந்த வருஷம்தான் எனக்குன்னு ஒரு பொண்ணு வந்தா.”

எஸ்தர் படிவத்தைப் பார்த்தாள், குழாயடியில் நின்ற வேணியைப் பார்த்தாள். அவள் குரலில் கோபமே இல்லை.

“கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கக் கூடாதா மேடம் இவ?”