சிரிக்கக் கூடாத வீடு

மூன்று வாரத்துக்கு ஒரு வாரம் தமயந்தியின் வீட்டில் யாரும் வாய் திறந்து பேச மாட்டார்கள். அந்த வாரம் அப்பா மாடசாமிக்கு நிலக்கரி மைன்ஸில் நைட் ஷிப்ட். இரவெல்லாம் வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குவார். அந்தச் சின்ன குவார்ட்டர்ஸில் ஒரு கரண்டி விழுந்தாலும் எழுந்துவிடுவார்.

அதனால் எல்லாம் ஜாடைதான். அம்மா வயிற்றைத் தட்டினால், சாப்பிட வா. விரல்களை முறுக்கினால், குழாயை மூடு. உதட்டில் விரல் வைத்தால், முதுகில் ஒன்று விழப்போகிறது.

ஆனால் இது நைட் ஷிப்ட் வாரம் இல்லை. அப்பா காலையிலேயே வேலைக்குப் போய்விட்டார். அப்படியும் அண்ணன் வேலுமணி டம்ளரைத் தூக்கிக் காட்டித் தண்ணீர் கேட்டான்.

“அப்பாதான் வீட்டுல இல்லையே, வாயால கேளேன்!” என்றாள் தமயந்தி.

வேலுமணி திடுக்கிட்டான். தான் ஜாடை காட்டியதே அவனுக்குத் தெரியவில்லை.

சென்னையில் இன்ஜினியரிங் முதல் வருஷத்தை முடித்துவிட்டு லீவுக்கு வந்திருந்தான். “காலேஜ் எப்படி தம்பி?” என்று பக்கத்து வீட்டு ராஜாம்பாள் அத்தை கேட்டார். பால்காரரும் கேட்டார். எல்லோருக்கும் தலையை மட்டும் ஆட்டினான்.

தமயந்தி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மாலையில் கொல்லைப்பக்கம் அவனைத் தனியாகப் பிடித்தாள்.

“காலேஜ்ல என்னண்ணா ஆச்சு?”

பக்கத்தில் யாரும் இல்லையே என்று வேலுமணி திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

“முதல் வாரம் வாத்தியார் ஒரு கேள்வி கேட்டாரு. எனக்கு விடை தெரியும். எந்திரிச்சு இங்கிலீஷ்ல சொன்னேன். நாலு வார்த்தை தாண்டல, கிளாஸே சிரிச்சுது.”

“அப்புறம்?”

“அப்புறம் வருஷம் பூரா வாயத் திறக்கல. எழுதிப் பாஸாயிட்டேன். ஹாஸ்டல்ல சோறு வேணும்னாகூட கையைத்தான் காட்டுவேன். நான் திரும்பிப் போகல, தமா. இங்கேயே மைன்ஸ்ல காண்ட்ராக்ட் வேலைக்குச் சேர்ந்துக்கிறேன். அப்பாகிட்ட மூச்சு விடாத.”

அன்று இரவு தமயந்தி அதையே யோசித்துக்கொண்டிருந்தாள். வடலூர் பஸ்ஸில் கண்டக்டரிடம்கூட “என் மவன் இன்ஜினியருக்குப் படிக்கான்” என்று சொல்கிறவர் அப்பா. சொன்னால் அப்பா உடைந்து போவார். சொல்லாவிட்டால் அண்ணன் படிப்பு போய்விடும்.

அடுத்த வாரம் நைட் ஷிப்ட் வந்தது. வீடு அடங்கியது. தமயந்தியின் வகுப்பில் படிக்கும் பழனிவேல் வந்தபோது அவள் சும்மா உட்கார்ந்திருந்தாள். அவன் எதையோ நினைத்துச் சிரிக்கப் போய், பயந்து இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.

தமயந்தி அவனையே பார்த்தாள். பிறகு அண்ணனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“அண்ணா, அப்பா தூங்கும்போது இந்த வீட்டுல யாராவது சிரிக்க முடியுமா?” என்று குசுகுசுத்தாள்.

“முடியாது.”

“அப்போ இங்கிலீஷ் பேசு.”

வேலுமணி விழித்தான்.

“பேசுண்ணா,” என்றான் பழனிவேல். “சிரிச்சா உங்கப்பா தோலை உரிச்சிடுவாரு. நான் வாயைப் பொத்திகினே கேக்குறேன்.”

முதல் நாள் இரண்டு வாக்கியம் வந்தது. அதற்கே அண்ணனுக்கு வியர்த்துக் கொட்டியது. மறுநாள் கொஞ்சம் கூடியது. கிசுகிசுப்பாகத்தான், ஆனால் வாயால்.

ஒரு மதியம் மைன்ஸில் மண்ணை வெட்டும் ராட்சதச் சக்கரத்தைப் பற்றி இங்கிலீஷில் விளக்கிக்கொண்டிருந்தான். விளக்கிய வேகத்தில் கையே சக்கரமாகிவிட்டது. ஒரே சுற்று. தண்ணீர்க் குடம் உருண்டது.

டமால்!

மூன்று பேரும் சிலையானார்கள். அப்பா அறை வாசலில் வந்து நின்றார். கண்கள் சிவந்திருந்தன.

“என்னல சத்தம்?”

தமயந்தியின் கை தானாக உதட்டுக்குப் போனது. சொல்லாதே என்று காட்டுவதா, சொல் என்று காட்டுவதா? அவளுக்குத் தெரியவில்லை. கையைக் கீழே இறக்கிவிட்டாள்.

வேலுமணி குடத்தை நிமிர்த்தி வைத்தான். பிறகு எல்லாவற்றையும் சொன்னான். வகுப்பு சிரித்தது, காண்ட்ராக்ட் வேலை, எல்லாம். குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை.

அப்பா ஈரத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒரு வருஷமாவா?” என்றார்.

“ஆமாப்பா.”

அப்பா பாயை இழுத்து வந்து அங்கேயே போட்டு, சுவரைப் பார்த்துப் படுத்தார்.

“எனக்குத் தூக்கம் போச்சு. குசுகுசுன்னு பேசாத. சத்தமாச் சொல்லு, கேப்போம்.”

வேலுமணி ஆரம்பித்தான். தடுக்கியது. ஒரு வார்த்தை கிடைக்காமல் மறுபடியும் கையைச் சுற்றினான். பழனிவேலால் அடக்க முடியவில்லை. குபுக்கென்று சிரித்துவிட்டான்.

வேலுமணி பேச்சை நிறுத்தினான்.

“இருடா, இன்னும் முடிக்கல,” என்றான் வேலுமணி. முடித்தான்.

லீவு முடிந்து அவன் கிளம்பிய அன்றும் அப்பாவுக்கு நைட் ஷிப்ட் வாரம்தான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு தமயந்தி கூடவே தெருமுனை வரை போனாள்.

“பயம் போயிடுச்சாண்ணா?”

“இல்ல. அப்படியேதான் இருக்கு.”

“சிரிச்சா?”

“சிரிக்கட்டும். சொல்லி முடிச்சுட்டுத்தான் உக்காருவேன்.”

பஸ் புறப்பட்டது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, “தமா! போயிட்டு வரேன்!” என்று குவார்ட்டர்ஸ் பிளாக்கே அதிரும்படி கத்தினான் வேலுமணி.

அந்தத் தெருவில் எத்தனை நைட் ஷிப்ட் அப்பாக்கள் விழித்துக்கொண்டார்களோ. தமயந்தி உதட்டில் விரல் வைக்கவே இல்லை.